குடைப் புத்தகமும் பயனக்காவும்

கடல் சூழ்ந்த எங்கள் தீவுப் பகுதியில் கடலுக்கு அஞ்சாதவர்கள் பலர் உண்டு. பயனக்காவின் மேசைக்கு அஞ்சாதவர் ஒருவரேனும் இருந்ததாக நான் அறியேன். வாடைக்காற்றில் வள்ளம் கவிழ்ந்து, நெடுநேரம் நீந்திக் கரைசேர்ந்த சவரிமுத்து என்னும் கடற்றொழிலாளி, இரவல் எடுத்த நாவலைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் மாத்திரம் நூலக வாசலில் நின்று சிலுவைக்குறி இட்டுக்கொண்டே உள்ளே நுழைவார்.

பயனக்கா எங்கள் ஊர் நூலகத்தின் நூலகர். அந்தப் பெயர் வந்த வழியைச் சொல்லியாக வேண்டும். எங்கள் கோயில்களில் புராணம் படிக்கும் வழக்கம் உண்டு. ஒருவர் செய்யுளை இராகத்தோடு வாசிப்பார். மற்றொருவர் அதன் பொருளை விரித்துரைப்பார். இதனைப் பயன் சொல்லுதல் என்போம். நாற்பது ஆண்டுகளாக அந்த இரண்டாவது ஆசனத்தில் அமர்பவன் அடியேன். எழுவைதீவைச் சேர்ந்த இந்தப் பெண்மணி எங்களூருக்கு நியமனம் பெற்று வந்த முதற் கிழமையிலேயே அம்மன் கோயிலில் எனது பயனைக் கேட்டார். மறுநாள் நூலகத்தில் ஒரு சட்டம் பிறந்தது. எந்தப் புத்தகத்தையும் பயன் சொல்லாமல் திருப்பித் தர ஏலாது. மேசைக்கு முன்னால் நிமிர்ந்து நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லவேண்டும். இந்தத் துன்பத்துக்கு மூலகாரணன் நான்தான் என்று ஊரவர் பதினொரு வருடமாக என்னை ஏசிவந்தனர்.

அவர் நாள்தோறும் எழுவைதீவிலிருந்து படகில் வருபவர். படகில் ஏறுவோர் செம்மஞ்சள் நிற உயிர்காப்பு அங்கி அணியவேண்டும் என்பது விதி. மற்றவர்கள் இறங்கியவுடன் கழற்றி வீசுவார்கள். பயனக்கா தமக்கென்று சொந்தமாக ஒன்று வாங்கிவைத்திருந்தார். அதை அணிந்தபடியே துறைமுகத்திலிருந்து கடைத்தெருவழியாக நடந்து வந்து, கதவைத் திறந்து, கதிரையில் அமர்ந்து, மின்விசிறி சுழலத் தொடங்கிய பின்னரே அதைக் கழற்றுவார். காரணம் கேட்டேன். விழுகிறவர்களில் பாதிப்பேர் கரையில்தான் விழுகிறார்கள் என்றார்.

எங்கள் ஊரில் பாணும் பணிஸும் சுட்டு விற்கும் வெதுப்பகம் நடத்தும் முதலாளி ஒருவர் நீரிழிவு பற்றிய புத்தகமொன்றை எடுத்துச் சென்றார். பதினான்கு நாட்களின் பின் கொண்டுவந்து வைத்தார்.

“பயன்?” என்றார் பயனக்கா.

“சீனி கூடாது.”

“நல்லது. விடிய என்ன சாப்பிட்டனீங்கள் அண்ணை?”

முதலாளி பொய் சொல்லப் பழகாதவர். “ரெண்டு பணிஸ்,” என்றார். சற்றுப் பொறுத்து, “ஒரு ஜாம் பணிஸ்” என்றும் சேர்த்துக்கொண்டார்.

“அப்ப நீங்கள் இன்னும் வாசிச்சு முடிக்கேல்லை,” என்று சொல்லி, மேலும் பதினான்கு நாட்களுக்கு முத்திரை குத்தி அந்தப் புத்தகத்தையே திருப்பி நீட்டினார். அவ்வாறே அந்தப் புத்தகம் முதலாளியின் வீட்டுக்கும் நூலகத்துக்குமாக ஒன்றரை வருடம் நடந்தது. உயர் அதிகாரி ஒருவர் பார்வையிட வந்து, மேசையிலிருந்த விவசாய சஞ்சிகையைப் புரட்டிவிட்டு வைத்தபோது, பயனக்கா அவருடைய ஜீப் வண்டி வரையும் பின்தொடர்ந்து பயன் கேட்டதும் நடந்ததுதான். அதிகாரி ஜீப்பில் ஏறி, ஒரு கால் வெளியே நிற்க, மிளகாய்ச் செய்கைக்கு இரண்டு வரிப் பயன் சொல்லிவிட்டே போனார்.

இவையெல்லாம் சிரித்துவிட்டு மறக்கத்தக்கவை. குடைப் புத்தகத்தின் கதை அப்படியன்று.

வெளிநாட்டில் வாழும் எங்கள் ஊர்க் குடும்பமொன்று ஒரு பெட்டி நிறையப் புத்தகங்கள் அனுப்பியிருந்தது. அவற்றில் ஒன்றின் அட்டையில் ஒரே குடையின்கீழ் இரண்டு பெண்பிள்ளைகள் நடந்து போவார்கள். உயர்தரம் படிக்கும் வயதினருக்கென எழுதப்பட்ட நாவல் அது. கரையோரப் பட்டினமொன்றில் ஒரு ரியூசன் வகுப்புக்கு மழையில் ஒன்றாகப் போய்வரும் இரு மாணவியர், தாங்கள் ஒருவரையொருவர் விரும்புவதை மெல்ல மெல்ல உணர்கிறார்கள். ஒருத்தியின் தாய் ஒரு கடிதத்தைக் கண்டெடுக்கிறாள். அடி விழுகிறது. அந்தப் பிள்ளை மாமன் வீட்டுக்கு அனுப்பப்படுகிறாள். மற்றவள் மழையில்லாத ஒரு நாளிலும் குடையோடு பேருந்துத் தரிப்பிடத்தில் காத்து நிற்பதோடு கதை முடிகிறது.

பயனக்கா இதைச் சனிக்கிழமை வாசிப்பில் வைத்தார். மேல்வகுப்புப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவார்கள். கோயில் முறைப்படியே நடக்கும்: ஒரு பிள்ளை ஒரு பகுதியை வாசிக்க, இன்னொரு பிள்ளை பயன் சொல்லும். பிள்ளைகளுக்குத் தம்மைப்போல் அல்லாதவர்களைப் பொறுத்துக்கொள்ளக் கற்பிக்கவேண்டும் என்று கூட்டம் வைத்து உபதேசம் செய்தால் அவர்கள் கொட்டாவி விடுவார்கள் என்பதும், கதையை வாசித்துத் தாமே பயன் சொன்னால் அது அவர்கள் வாயிலிருந்தே வரும் என்பதும் அவருடைய கணக்கு. வாயிலிருந்து வந்த பயன் வீடுவரை போகும் என்பதை மட்டும் அவர் கணக்கில் எடுக்கவில்லை.

அது ஓய்வுபெற்ற தபாலதிபரின் வீட்டுக்குப் போயிற்று. தபாலதிபர் மாஸ்டர் எங்கள் பகுதியின் தலைசிறந்த பெட்டிசக்காரர். பேருந்துச் சாரதிமேல், தண்ணீர் வண்டிமேல், அயலவரின் சேவல்மேல் எல்லாம் முறைப்பாடு எழுதியவர். தாம் தபாலதிபராக இருந்த காலத்தில், தமது பெட்டிசமொன்று தாமதமாகப் போய்ச் சேர்ந்ததற்காகத் தமது தபாலகத்தின்மேலேயே பெட்டிசம் எழுதிய நேர்மையாளர். ஒரு சனிக்கிழமை மதியம் அவர் குசினியில் பிட்டு உண்டுகொண்டிருந்தபோது, பேத்தி அன்றைய பயனை ஒப்புவித்தாள்: “அப்பப்பா, ஒரு பிள்ளை தன்னைப் போல இன்னொரு பெம்பிளைப்பிள்ளையை விரும்பினா, அதுக்காண்டி அந்தப் பிள்ளைக்கு அடிக்கக் கூடாது.”

பிட்டு தொண்டையில் அடைத்தது. முதுகில் தட்டி, தண்ணீர் கொடுத்து, மூச்சு வந்தவுடன் அவர் கேட்டது பேனாவைத்தான்.

பெட்டிசத்தில் இரண்டு கோரிக்கைகள் இருந்தன. அந்தப் புத்தகத்தை அகற்றவேண்டும். அதை வாசிப்பித்த நூலகரை இடமாற்றவேண்டும். வாசகர் வட்டத் தலைவரின் ஒப்பம் இருந்தால் பெட்டிசத்துக்குப் பாரம் கூடும். வாசகர் வட்டத் தலைவர் நான்.

மறைப்பதற்கு ஒன்றுமில்லை, ஒப்பமிட ஆயத்தமாகவே இருந்தேன். பேனாவைத் திறந்தும் விட்டேன். அப்போது தபாலதிபர் மாஸ்டரே தடுத்தார். ஆட்சேபத்துக்குரிய இடங்களின் பக்க எண்களைக் குறிக்காத பெட்டிசம் குறைப்பிரசவம் என்பது அவர் கொள்கை. பக்க எண் வேண்டுமானால் புத்தகம் வேண்டும். புத்தகம் நூலகத்தில் இருந்தது. எனவே, புத்தகத்தை அகற்றும்படி கேட்க, அவர் அதை இரவல் வாங்கப் போனார்.

பயனக்கா மலர்ந்த முகத்தோடு கொடுத்தாராம். இரண்டு கிழமை கழிந்து மாஸ்டர் அதைத் திருப்பிக் கொடுத்த அன்று நான் பத்திரிகை மேசையில் இருந்தேன்.

“பயன்?”

“பக்கம் நாப்பத்தொன்பது, எண்பத்தாறு, நூற்றிப் பன்ரண்டு.”

“அது பக்கம். நான் கேட்டது பயன்.”

“இது கூடாத புத்தகம்.”

“இதிலை என்ன கூடாது மாஸ்டர்?”

மாஸ்டர் கடுங்கோபத்தோடு விரலை உயர்த்தினார். “அந்தத் தாய்! வளந்த பிள்ளையை வீடு கூட்டிற தும்புக்கட்டையாலை அடிக்கிறதே? அவளுக்கு ஆர் அந்த உரிமை குடுத்தது?”

சொல்லி முடித்ததும் அவரே திடுக்கிட்டார். பயனக்கா முத்திரை குத்திவிட்டார். வாசல்வரை போன மாஸ்டர் திரும்பி நின்று, “எண்டாலும் பெட்டிசம் பெட்டிசம் தான்,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதன் பின் ஊரில் அந்தப் புத்தகத்துக்கு உண்டான கிராக்கி, வேறெந்த நூலுக்கும் உண்டானதில்லை. வாசிக்காதவரின் ஒப்பம் மாஸ்டரின் கொள்கைப்படி செல்லாது என்பதால், பெட்டிசத்தில் ஒப்பமிட இருந்த ஒவ்வொருவரும் அதை வாசித்தாக வேண்டியவரானார். வெதுப்பக முதலாளியும் வந்தார். முன்னைய புத்தகத்துக்குப் பயன் சொல்லாதவருக்கு வேறு புத்தகம் இல்லை என்று கூறப்பட்டதால், அவர் மூன்று கிழமை பணிஸைக் கைவிட்டு, நீரிழிவுக்கு உண்மையான பயன் சொல்லி, அதன் பிறகே குடைப் புத்தகத்தைப் பெற்றார். அந்த வகையில் அந்த நாவல் ஓர் உயிரையேனும் காத்தது உறுதி. அவர் சொன்ன பயன், கதையில் வரும் ரியூசன் ஆசிரியர் ஒழுங்காகப் படிப்பிக்கவில்லை என்பது. சவரிமுத்துவுக்கு எழுத்துத் தெளிவாகத் தெரியாது. அவர் கிழிந்த வலையைப் பொத்த, வழக்கம்போல மகள் வாசித்துக் காட்டியிருக்கிறாள். சிலுவைக்குறி இட்டு உள்ளே வந்தவர், பயனக்காவைப் பார்க்காமல் அலுமாரியைப் பார்த்துச் சொன்னார்:

“ஒரு வள்ளத்திலை போற ரெண்டு பேர் ஆளையாள் பாத்துக்கொண்டாக் காணும் அக்கா. கரையிலை நிக்கிறவனுக்கு அங்கை என்ன வேலை?”

கடைசியில் என் முறை வந்தது.

நான் புத்தகத்தை எடுக்கப் போன வேளை, எனக்கு முன்னால் ஒரு பிள்ளை அதைத் திருப்பிக் கொடுக்க நின்றது. பதினேழு வயதிருக்கும். யாருடைய பிள்ளை என்று எழுதமாட்டேன். புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டும் கையை எடுக்கவில்லை.

“மிஸ், பெட்டிசம் போனாப் பிறகும் இந்தப் புத்தகம் இஞ்சை இருக்குமோ?”

எவருக்கும் பதிலுக்குக் குறைவிடாத பயனக்கா முத்திரையைக் கீழே வைத்தார். பிறகு என்னைக் காட்டினார்.

“அது இந்த ஐயான்ரை கையிலை தான் இருக்கு. ஐயா ஒப்பம் வைச்சா இது இருக்காது. நானும் இருக்கமாட்டன்.”

அந்தப் பிள்ளை என்னை நிமிர்ந்து பார்த்தது. கெஞ்சவில்லை, கோபிக்கவும் இல்லை. வைத்தியசாலை வரிசையில் தன் இலக்கத்துக்காகக் காத்திருப்பவர் பார்ப்பதுபோல ஒரு பார்வை. பின்னர் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போய்விட்டது. அதன் சைக்கிள் மணல் ஒழுங்கையில் திரும்பி மறையும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகுதான் ஒரு குறை கண்ணிற் பட்டது; பயனக்காவிடம் கேட்டேன்.

“பிள்ளை, நீர் அவவிட்டைப் பயன் கேக்கேல்லையே?”

“அவ கேட்டது உங்கடை காதிலை விழுந்ததுதானே ஐயா? அது தான் பயன்.”

எனக்குச் சினம் மூண்டது. அப்போதைய நியாயங்களை எல்லாம் எடுத்துரைத்தேன். இந்த வயதுப் பிள்ளைகளுக்கு இத்தகைய காதல் ஏன், இது எங்கள் சமயத்துக்கு ஒத்ததோ, ஆன்றோர் இவ்வாறு பாடினார்களோ என்றெல்லாம் கேட்டேன். அவர் காலையில் கழற்றிய உயிர்காப்பு அங்கியை மடித்து வைத்துக்கொண்டே முழுவதையும் கேட்டார்.

“போன பங்குனியிலை கோயிலிலை நீங்கள் ஒரு பயன் சொன்னனீங்கள் ஐயா. ஒரு அடியார், ஆம்பிளை, தன்னைப் பெம்பிளையாப் பாவிச்சு, ஆண்டவன் வரேல்லை எண்டு மெலிஞ்சு, கைவளை கழண்டு, நித்திரையில்லாமல் அழுறார். எனக்குப் பக்கத்திலை இருந்த மனிசியளும் அழுததுகள். ஒருத்தரும் பெட்டிசம் எழுதேல்லை.”

“அது ஆன்மா இறைவனை நாடுறது. அது வேறை.”

“ஓம், வேறை தான். அந்த வேறையை நீங்கள் விளங்கப்படுத்தினபடியாலை தானே எங்களுக்கு விளங்கினது. இதையும் கொண்டுபோய் வாசியுங்கோ. பிறகு வந்து, என்ன விளங்கினதோ அதைச் சொல்லுங்கோ.”

பதினான்கு நாளுக்கு முத்திரை குத்தினார்.

இரண்டும் ஒன்றென்று நான் அன்றும் சொல்லவில்லை; இன்றும் சொல்லேன். ஆனால் பிரிவில் வாடும் ஒருத்தியின் நெஞ்சை வரிவரியாகப் பிரித்துப் பொருள் கூறி வயது போனவன் நான். அந்தக் குடைக்காரப் பிள்ளை பேருந்துத் தரிப்பிடத்தில் நின்ற கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது, எனக்குப் பழக்கமில்லாத ஊர் ஒன்றுக்கு வந்துவிட்டதாகத் தோன்றவில்லை. அது எனக்குப் பெரிய சங்கடத்தைத் தந்தது. பக்க எண்கள் குறிக்கவென்று எடுத்து வைத்த தாள் வெறுந்தாளாகவே இருந்தது.

நான் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தது ஒரு சனிக்கிழமை. பிள்ளைகள் எல்லாரும் இருந்தார்கள். தபாலதிபர் மாஸ்டர் பெட்டிசத்தை விரித்துப் பேனாவும் கையுமாக நின்றார். வெதுப்பக முதலாளி மெலிந்துபோய் ஒரு கதிரையில் இருந்தார். அந்தப் பிள்ளை பின்வரிசையில், சுவரோரமாக இருந்தது.

“பயன்?” என்றார் பயனக்கா. ஜீப்பில் ஏறியவரிடம் கேட்ட அதே குரல்தான்.

நான் சால்வையைச் சரிசெய்துகொண்டேன். 

“இந்தக் கதையிலை ரெண்டு பிள்ளையள் வருகினம். முதல் பக்கத்திலையிருந்து கடைசி மட்டும் தேடிப் பாத்தன். அவையள் ஒருத்தருக்கும் ஒரு கெடுதியும் செய்யேல்லை. கெடுதி முழுக்கச் செய்தது மற்றவை. தாய் அடிக்கிறா, மாமன் பள்ளிக்கூடத்தை மறிக்கிறார், அயலட்டை சிரிக்குது. அவையள் எல்லாரும் கோயிலுக்குப் போறவை எண்டும் இதிலை எழுதிக் கிடக்கு. எனக்கு விளங்கினது இவ்வளவு தான்.”

வழக்கமாக, “அவ்வளவு தானோ?” என்று தோண்டுபவர் அன்று தோண்டவில்லை. முத்திரை விழுந்தது. நான் சுவரோரம் பார்க்கவில்லை; பார்த்தால் ஊரும் பார்க்கும்.

“அப்ப ஒப்பம்?” என்றார் மாஸ்டர்.

“வைக்க ஏலாது மாஸ்டர்.”

அவர் என்னைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார், பேனாவை மூடினார். உண்மையில் அவருக்கு ஆறுதலாகத்தான் இருந்தது என்பது என் ஊகம். ஆயினும் ஒரு தொழில்முறைக் கவலை எஞ்சியிருந்தது. “மூண்டு கொப்பி எழுதினனான். இனி இதுகளை என்ன செய்யிறது?”

“இஞ்சை தாங்கோ,” என்றார் பயனக்கா. “அலுமாரியிலை வைப்பம். ஆரும் எடுத்து வாசிக்கலாம். ஆனாப் பயன் சொல்லவேணும்.”

ஆனால் மாஸ்டரின் கையில் இருந்தவை இரண்டே பிரதிகள். மூன்றாவதை, ஒப்பம் பின்னர் வந்துசேரும் என்ற நம்பிக்கையில், அவர் முன்கூட்டியே தபாலிற் சேர்த்திருந்தார். அதைத் தள்ளிவிடும்படி கேட்டு இரண்டாவது பெட்டிசமொன்றை அன்று மாலையே எழுதினார். அது பிந்திப் போய்ச் சேர்ந்தது. விசாரணைக்காகப் புத்தகத்தோடு யாழ்ப்பாணம் வரும்படி பயனக்காவுக்குக் கடிதம் வந்துவிட்டது.

விசாரணையில் நடந்ததை அவர் வாயிலிருந்தே கேட்டேன். விசாரணை அதிகாரி, இந்நூலை ஏன் பிள்ளைகளுக்குக் கொடுத்தீர் என்று வினவினாராம். ஐயா இதை வாசித்தீர்களோ என்று இவர் வினவினாராம். அவர் இல்லை என்றார். அப்படியானால் பதினான்கு நாள் தருகிறேன் என்று சொல்லி, கைப்பையிலிருந்து முத்திரையை எடுத்து, அதிகாரியின் மேசையிலேயே குத்திக் கொடுத்துவிட்டுப் பேருந்து ஏறி வந்துவிட்டார். நாட்கள் பதினான்கும் கடந்தன. ஆறு கிழமையும் கடந்தது. அந்தப் பிள்ளை சனிக்கிழமைகளில் வந்து, வெறுமையாயிருந்த இடத்தைப் பார்த்துவிட்டுப் போகும். ஒரு செவ்வாய்க்கிழமை பதிவுத்தபாலில் பொதி வந்தது. உள்ளே புத்தகமும், அலுவலகக் கடிதத்தாளில் ஒன்றரைப் பக்கமும் இருந்தன. இடமாற்றம் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ‘மேற்படி நூலின் பயன்’ என்று தலைப்பிட்டு, இலக்கமிட்ட ஐந்து பந்திகளில் அந்த அதிகாரி பயன் எழுதியிருந்தார். ஐந்தாவது பந்தி, தாமதத்துக்கு வருந்துவதாகவும், புத்தகத்தைத் தமது வீட்டிலுள்ளோரும் வாசித்ததாகவும் தெரிவித்தது.

அன்று அதை முதலில் எடுத்துச் சென்றவர் யாரென்று நான் பார்த்தேன். இம்முறையும் எழுதமாட்டேன்.

பயனக்கா சென்ற ஆண்டு ஓய்வுபெற்று எழுவைதீவோடு இருந்துவிட்டார். முன்பு, விசாரணைக் கடிதம் வந்த கிழமையின் வெள்ளிக்கிழமை அவர் பெயருக்கு ஓர் அருச்சனை செய்விக்க எண்ணிக் கோயிலுக்குப் போயிருந்தேன். ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். எனக்கு இரண்டும் தெரியாது என்பது அப்போதுதான் தெரிந்தது. தட்டத்தை அங்கேயே வைத்துவிட்டு நூலகத்துக்கு நடந்து, பயனக்காவிடம் அவருடைய சொந்தப் பெயரையும் நட்சத்திரத்தையும் கேட்டேன். எதற்கென்று கேட்டார், வாசகர் வட்டப் பதிவேட்டுக்கு என்று சொன்னேன். வாழ்நாளில் கோயிலுக்காக நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். பதிவேட்டில் நட்சத்திரமும் எழுதுவார்களோ என்று அவர் கேட்கவில்லை.

விசாரணை முடிந்து இரண்டு வருடமாயிற்று; இனி வேண்டிக்கொள்ள ஒரு காரணமும் இல்லை. வெள்ளிக்கிழமைகளில் ஐயர் கேட்கும் முன்பே அந்தப் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லிவிடுகிறேன்.